பழைய டூல் செஸ்ட், கம்மி பட்ஜெட்: பெயின்ட்டை பாக்கறதா, சேனலை பாக்கறதா?

ஜூன் 4

ஒரு தம்பி கேட்டிருந்தது, அப்படியே போடறேன்: "அண்ணே, பைக் கார் வேலையெல்லாம் நானே பாத்துக்கறேன். ஸ்பேனர் பாதி சாக்குப்பைல, பாதி பெயின்ட் பக்கெட்ல. புது டூல் செஸ்ட் விலையை பாத்தா தலை சுத்துது. பழசுல பெரிய பிராண்டா வாங்கிட்டா ஆயுசுக்கும் கவலை இல்லன்னு சொல்றாங்க. 11 டிராயர் வச்ச ஒண்ணு விலைக்கு வந்திருக்கு, போட்டோல புதுசு மாதிரி பளபளன்னு இருக்கு. வேற ஆள் வர்றதுக்குள்ள முன்பணம் அனுப்பிடட்டுமா?"

மொதல்ல முன்பணம் அனுப்பாத தம்பி. போட்டோல தெரியறது பெயின்ட் மட்டும்தான். டூல் செஸ்ட்ல கெட்டுப்போறது பெயின்ட் இல்ல, டிராயர் ஓடற சேனல், அதாவது டிராயருக்கு ரெண்டு பக்கமும் இருக்கற தடம். அது போட்டோல தெரியவே தெரியாது, ஏன்னா எல்லா டிராயரையும் மூடி வச்சுதான் போட்டோ எடுப்பான். நேர்ல போ. போறப்ப உன் சாக்குப்பைலேர்ந்து சுத்தியல், பெரிய ரிங் ஸ்பேனர், ஜாக்கின்னு வெயிட்டா ஒரு பத்து கிலோ பைல எடுத்துட்டு போ. காலி டிராயர் எவன் வீட்லயும் நல்லாத்தான் ஓடும். வெயிட்டை வச்சு முழுசா இழுத்து பாரு, அப்பதான் அது நெஜமுகத்தை காட்டும்.

ஜூன் 4, ராத்திரி

"வெயிட் வச்சு இழுத்தா என்ன தெரியும்"னு இன்னொருத்தர். தெரியறது நிறைய. டிராயர் கடைசி வரைக்கும் வந்ததும் முன்பக்கம் தொங்குதா, தொங்கி கீழ் டிராயரோட மேல் விளிம்பை உரசுதா (உரசினா அந்த இடத்துல பெயின்ட் போய் கோடு விழுந்திருக்கும், அது பொய் சொல்லாது). அப்பறம் ரெண்டு கையாலயும் புடிச்சு இடம் வலமா ஆட்டி பாருங்க. கொஞ்சம் ஆட்டம் இருக்கறது சகஜம்தான், ஆனா 'டக் டக்'னு விழற மாதிரி ஆட்டம்னா உள்ள பால்ஸ் சில கொட்டிப்போச்சுன்னு அர்த்தம். பால் பேரிங் சேனல்ல பால்ஸை வரிசையா புடிச்சு வச்சிருக்க ஒரு மெல்லிசு தகடு இருக்கும், அது நெளிஞ்சா பால்ஸ் ஒண்ணொண்ணா கீழ விழுந்துடும். கீழ் டிராயர்ல குட்டி குட்டி இரும்பு குண்டு கிடந்தா கேள்வியே வேணாம்.

எல்லா டிராயரையும் இப்படி பாக்க பொறுமை இல்லன்னா ரெண்டை மட்டும் பாருங்க. ஒண்ணு, மேலேர்ந்து ரெண்டாவதோ மூணாவதோ, அதாவது மெக்கானிக் கை அதிகமா போற உயரத்துல இருக்கறது. இன்னொண்ணு அடி டிராயர், சம்மட்டி புல்லர் எல்லாம் கிடந்த இடம். இது ரெண்டும் தாங்கியிருந்தா மத்தது தாங்கியிருக்கும்.

ஜூன் 5

பால் பேரிங் இல்லாம தகடு மேல தகடு உரசி ஓடற டைப் ஒண்ணு இருக்கு, பழைய சின்ன செஸ்ட்ல எல்லாம் அதுதான். அதை தொடாதீங்க. கிரீஸ் போட்டா நாலு நாளைக்கு ஓடும், அப்பறம் தூசி சேந்து மறுபடி 'கிர்ர்'ருன்னு பல்லு கூசும்.

ஜூன் 5, கொஞ்ச நேரம் கழிச்சு

டிராயர் எண்ணிக்கை பத்தி. 11 டிராயர்னா 9 டிராயரை விட ஒசத்தின்னு இல்ல. ஒரே உயர பெட்டில டிராயர் கூடினா ஒவ்வொண்ணும் ஆழம் கம்மியாயிடும். ஸ்பேனர் சாக்கெட்டுக்கு ரெண்டு இஞ்ச் டிராயர் அருமை. ஆனா டிரில் மிஷின், டார்க் ரென்ச் (நட்டை சொன்ன அளவுக்கு இறுக்கற ஸ்பேனர்) பெட்டி, ஹாஃப் இஞ்ச் டிரைவ் டீப் சாக்கெட் நிமித்தி வைக்கறது, இதெல்லாம் எங்க போகும்? முன் பலகை உயரத்தை அளந்து ஏமாறாதீங்க, உள்ள கிடைக்கற உயரம் எப்பவும் அதை விட கம்மிதான். உங்க கிட்ட இருக்கறதுலயே உயரமான டூல் ஒண்ணை அந்தப் பைலயே போட்டு எடுத்துட்டு போய் வச்சு மூடி பாத்துடுங்க, டேப்பே வேணாம்.

ஜூன் 7

தகடு பத்தி நேத்து பூரா சண்டை. "18 கேஜ்தானே, 22 கேஜ் இருந்தா இன்னும் கெட்டி"ன்னு ஒருத்தர் எழுதியிருக்கார். தலைகீழ்ங்க அது. கேஜ் நம்பர் ஏற ஏற தகடு மெலிசு. அமெரிக்க ஸ்டீல் தகடு கணக்குல 18 கேஜ்னா சுமார் 1.2 மில்லிமீட்டர், 20 கேஜ் 0.9, 22 கேஜ் 0.76. பாக்க சின்ன வித்தியாசம், ஆனா 22 கேஜ் பெட்டி பக்கத்து தகட்டுல கட்டைவிரலை வச்சு அமுக்கினா உள்ள போய் 'டொப்'புன்னு வெளிய வரும். அது மட்டுமே வச்சு ஒரு பெட்டியை ஒதுக்க மாட்டேன். மெலிசு தகட்டுலயும் மூலைல எல்லாம் மடக்கி ரெட்டையா கொடுத்து நல்லா ஸ்பாட் வெல்டிங் வச்சிருந்தா நிக்கும். கெட்டித் தகடுல செஞ்சும் ஒரு தடவை வண்டிலேர்ந்து கீழ போட்ட பெட்டின்னா பிரயோஜனம் இல்ல.

கீழ விழுந்த பெட்டியை கண்டுபுடிக்கறது சுலபம். முன்னாடி தள்ளி நின்னு டிராயர்களுக்கு நடுவுல இருக்கற சந்தை பாருங்க, இடப்பக்கம் அகலமாவும் வலப்பக்கம் குறுகலாவும் இருந்தா கூடு கோணிப்போச்சு. சந்தேகம் தீரலன்னா முன்பக்கம் ரெண்டு குறுக்கு மூலையும் அளங்க, ரெண்டும் ஒண்ணா இருக்கணும். ஒரு விஷயம், தரை மட்டமா இல்லாத இடத்துல நிக்க வச்சிருந்தா நல்ல பெட்டியும் கோணலாத்தான் காட்டும், டிராயரும் தானா திறந்துக்கும். அதனால கொஞ்சம் நகத்தி வேற இடத்துல வச்சு பாத்துட்டு முடிவு பண்ணுங்க. நகத்தினா வீலும் சோதிச்ச மாதிரி ஆச்சு.

கோணின கூட்டை நேராக்கலாம்னு சொல்றவங்க இருக்காங்க. டிங்கரிங் கைத்தொழிலா வச்சிருக்கவங்களுக்கு சரி. நமக்கு வேணாம்.

ஜூன் 8

பிராண்ட். இது வராம இருக்குமான்னு பாத்தேன், வந்துடுச்சு.

ஸ்னாப்-ஆன் நல்ல பேருதான், யாரும் மறுக்கல. 1920ல ஆரம்பிச்சவங்க, 5 கைப்பிடியும் 10 சாக்கெட்டும் வச்சு 50 ஸ்பேனர் வேலையை பாக்கலாம்னு வித்துதான் மேல வந்தாங்க. அவங்க பெட்டி நல்லா உழைக்கும், பழசா வந்தாலும் விலை இறங்காது. பிரச்சனையே அதான், பட்ஜெட்காரன் அந்தப் பேருக்கே பாதி காசை கொடுத்துட்டு நிப்பான். கிராஃப்ட்ஸ்மேன் கதை வேற. அமெரிக்காவோட சியர்ஸ் கடை 1927லேர்ந்து வச்சிருந்த பேரு, 2017ல ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கர் கைக்கு போச்சு. இத்தனை வருஷத்துல அதே பேர்ல கெட்டி பெட்டியும் வந்திருக்கு, மெலிசும் வந்திருக்கு. அதனால "கிராஃப்ட்ஸ்மேன் எப்படி"ன்னு கேட்டா பதிலே கிடையாது, "இந்தப் பெட்டி எப்படி"ன்னுதான் கேக்கணும்.

கென்னடி பிராண்ட் பெட்டி ஒண்ணை ஒருத்தர் போட்டோ போட்டிருக்காங்க, பழுப்பு கலர்ல சுருக்கம் சுருக்கமா பெயின்ட் அடிச்சது. அழகான சாமான். ஆனா அது லேத் வேலை பாக்கறவங்க மைக்ரோமீட்டர், வெர்னியர் வைக்கற செஸ்ட். அதுக்குள்ள 32 மில்லிமீட்டர் ஸ்பேனரையும் சுத்தியலையும் கொட்டினா பாவம்.

பழைய ஃபேக்டரி மூடறப்ப லிஸ்டா, விட்மார்ங்கற பிராண்ட் மாதிரி இண்டஸ்ட்ரியல் கேபினெட் வெளிய வரும். இதை எல்லாரும் ஆபீஸ் சாமான்னு நெனச்சு தாண்டி போயிடுவாங்க. விட்மார் டிராயர் ஒண்ணே 400 பவுண்ட், அதாவது 180 கிலோ தாங்கும். சாதாரண டூல் செஸ்ட் டிராயர் 45 கிலோ தாங்கினாலே பெருமையா போஸ்டர்ல போடுவான். நகராது, வீல் கிடையாது, வெயிட்டு யமகண்டம். ஒரே இடத்துல நிரந்தரமா வேலை பாக்கறவங்களுக்கு அதுக்கு மேல ஒண்ணும் இல்ல.

ஜூன் 8, மறுபடி

இன்னொரு விஷயம் பிராண்ட் ஆசைல மறந்துடறாங்க. "லைஃப்டைம் வாரன்டி இருக்கு"ன்னு விக்கறவர் சொல்வார். டூல் பாக்ஸ் வாரன்டி பெரும்பாலும் மொதல்ல வாங்கினவருக்குத்தான். ரெண்டாவது கைக்கு வந்ததும் அந்த ஆயுசு முடிஞ்சுது. அதுக்குன்னு தனியா ஒரு பைசா ஏத்தி கொடுக்காதீங்க.

ஜூன் 11

வீல். பெட்டிக்காரங்க நாலு வீலால வகுத்து கணக்கு போடறாங்க. காலி பெட்டி 120 கிலோ, உள்ள டூல்ஸ் 180 கிலோ, மொத்தம் 300, நாலால வகுத்தா வீலுக்கு 75ன்னு. மூணால வகுங்க. வொர்க்‌ஷாப் தரை எங்கயும் கண்ணாடி மாதிரி இருக்காது, நகத்தற நேரத்துல ஒரு வீல் அந்தரத்துலதான் இருக்கும். அப்ப வீலுக்கு 100 கிலோ தாங்கற மாதிரி பாக்கணும். பழைய ரப்பர் வீல் வருஷக்கணக்கா ஒரே எடத்துல நின்னா ஒரு பக்கம் தட்டையாயிடும், தள்ளினா 'தட தட'ன்னு குதிக்கும். அதைக் காட்டி விலையை குறைங்க, ஏன்னா வீல் மாத்தறது சுலபம், நாலு போல்ட்தான். பாலியூரிதேன் வீல் போட்டா தரையும் கெடாது, தட்டையும் ஆகாது அவ்வளவு சீக்கிரம். ஓட்டைக்கு ஓட்டை தூரம் மட்டும் அளந்துட்டு கடைக்கு போங்க.

வீலுக்கு மேல அடித்தகட்டை குனிஞ்சு பாத்தீங்களா? வீல் போல்ட் பண்ண எடத்துல தகடு கிழிஞ்சிருந்தா அது வீல் மாத்தி தீர்ற விஷயம் இல்ல. அங்க வெல்டிங் வேணும்.

ஜூன் 12

கேட்ட தம்பி போய் பாத்துட்டு வந்து எழுதியிருக்கான். பளபளப்புக்கு காரணம் புது ஸ்ப்ரே பெயின்ட். வெளிய மட்டும் இல்ல, சேனல் மேலயும் சேத்து அடிச்சிருக்கான் புண்ணியவான். பத்து கிலோ பையை வச்சதும் டிராயர் பாதில நின்னுடுச்சாம். விக்கறவர் "புதுசாச்சே, பழகப் பழக லூசாகும்"னு சொல்லியிருக்கார். பழைய பெட்டியை புதுசுன்னு விக்கற தைரியத்தை பாராட்டணும்.

தம்பி வாங்காம திரும்பிட்டான். நல்லது. ஸ்ப்ரே அடிச்ச பெட்டி எல்லாமே ஏமாத்துன்னு நான் சொல்ல வரல. ஆனா ஒருத்தன் பெயின்ட் அடிச்சிருக்கான்னா ஏன் அடிச்சான்னு டிராயரை வெளிய எடுத்து உள்பக்கம் பாக்கணும். அங்க யாரும் அடிக்க மாட்டாங்க, பழைய நிஜம் அங்கதான் இருக்கும்.

ஜூன் 14

துரு கேள்விகள் சேந்து போச்சு, ஒண்ணா சொல்லிடறேன். மேல பொடி மாதிரி படிஞ்ச செந்துரு பயப்படற விஷயம் இல்ல, உப்புத்தாள் போட்டு தேய்ச்சு பாஸ்பாரிக் ஆசிட் கலந்த ரஸ்ட் ரிமூவர் தடவினா துரு கருப்பா அயர்ன் பாஸ்பேட்டா மாறி பெயின்ட் புடிச்சுக்கும். கொப்புளம் கொப்புளமா பெயின்ட் எழும்பியிருந்தா ஸ்க்ரூ டிரைவரால குத்தி பாருங்க, உள்ள போச்சுன்னா பெட்டியை அப்படியே விட்டுட்டு வந்துடுங்க. பெட்டிக்குள்ள யாராவது வண்டி பேட்டரி வச்சு சார்ஜ் போட்டிருந்தா அந்த டிராயர் மட்டும் இல்ல, சுத்தி இருக்கறதும் அரிச்சிருக்கும். ஆசிட் ஆவி கண்ணுக்கு தெரியாம வேலையை காட்டும்.

ஒரு முக்கியமான விஷயம், இதை நெட்ல வீடியோ போடறவங்க சொல்றதே இல்ல. சேனலை கழட்டி வினிகர்ல ஊறப்போடாதீங்க. சேனல் மேல துத்தநாக முலாம் இருக்கும். துருவோட முலாமையும் வினிகர் தின்னுடும், அடுத்த மழைக்கே முன்ன விட மோசமா துரு புடிக்கும். மண்ணெண்ணெய்ல பிரஷ் போட்டு கழுவுங்க, துணில தொடைங்க, காய விடுங்க, அப்பறம் லித்தியம் கிரீஸ் லேசா, ரொம்ப லேசா. கையால தொட்டா ஒட்டற அளவுக்கு போட்டீங்கன்னா தூசியை விருந்துக்கு கூப்பிட்ட மாதிரி.

"டபிள்யூடி-40 அடிச்சா போதாதா"ன்னு கட்டாயம் யாராச்சும் கேப்பாங்க. 1953ல அதை உண்டாக்கினதே ஈரத்தை விரட்டறதுக்கு, நாப்பதாவது முயற்சில வந்ததாலதான் 40. கழுவறதுக்கு நல்லது, சிக்கின போல்ட்டுக்கு நல்லது. வெயிட்டோட தினம் ஓடற சேனலுக்கு அது மட்டும் நிக்காது.

ஜூன் 15

சேனலே மாத்திட்டா என்னன்னு ரெண்டு மூணு பேர். மாத்தலாம், ஆனா கடைல ஈஸியா கிடைக்கற டெலஸ்கோப்பிக் சேனல் 45 மில்லிமீட்டர் உயரம், பக்கத்துக்கு 12.7 மில்லிமீட்டர் எடம் புடிக்கற கிச்சன் கப்போர்டு கணக்கு. டூல் செஸ்ட்ல பாதிக்கு மேல கொக்கி வச்சு மாட்டற டைப், அகலமும் வேற. ஓட்டை போட்டு ரிவிட் அடிச்சு உக்கார வைக்கலாம், ஒரு டிராயருக்குன்னா சரி. 11 டிராயருக்கு 22 சேனல் வாங்கி மாட்டற காசுக்கு வேற நல்ல பெட்டியே பாத்திருக்கலாம். அதனாலதான் மொத நாள்லேர்ந்து சேனல் சேனல்னு கத்திட்டிருக்கேன். வீல் மாறும், பூட்டு மாறும், பெயின்ட் மாறும், கைப்பிடி மாறும்.

ஜூன் 17

மேல 5ம் தேதி உரசல் டைப்பை தொடாதீங்கன்னு எழுதினேன். அதை கொஞ்சம் தளத்திக்கறேன். ஒரு பெரியவர் எழுதியிருக்கார், அவர் கிட்ட அந்த டைப் சின்ன மேல் செஸ்ட் ஒண்ணு பல வருஷமா ஓடுதாம். உள்ள இருக்கறது மரை போடற டேப் செட், ஃபீலர் கேஜ், ஆலன் கீ, பிளக் கிளீனர் மாதிரி சாமான். நியாயம்தான். ரெண்டு மூணு கிலோ போற டிராயருக்கு பால் பேரிங் எதுக்கு? உரசற எடத்துல மெழுகுவத்தியை தேய்ச்சுடுவேன்னார், அது கிரீஸை விட புத்திசாலித்தனம், தூசி புடிக்காது. ஆக, கீழ் ரோலிங் கேபினெட்ல (வீல் வச்ச பெரிய அடிப்பெட்டி) வேணாம், மேல வைக்கற சின்னதுல விலை பாத்து வாங்கலாம்.

ஜூன் 18

பூட்டு. சாவி இல்லாத பெட்டி அடிமாட்டு விலைக்கு வரும், பயப்படாதீங்க. பூட்டு முகத்துல நம்பர் குத்தியிருந்தா அந்த நம்பருக்கு சாவி செஞ்சு தருவாங்க. இல்லன்னா பூட்டையே மாத்துங்க, நிறைய பெட்டில 19 மில்லிமீட்டர் ஓட்டைல உக்கார்ற சாதாரண கேம் லாக்தான்.

மொதல்ல பூட்டே தேவையில்லன்னுதான் எழுத நெனச்சேன், யாராவது திருடணும்னா தகட்டு பெட்டி எத்தனை நேரம் தாங்கும். ஆனா பூட்டோட உண்மையான வேலை வேற. உள்ள ஒரு கம்பி எல்லா டிராயரையும் ஒண்ணா புடிச்சுக்கும், நகத்தறப்ப டிராயர் தானா திறக்காது. அந்தக் கம்பி வளைஞ்சு போய் பூட்டு திரும்பியும் ரெண்டு டிராயர் புடிபடாம இருக்கறது பழைய பெட்டில சகஜம். பூட்டிட்டு ஒவ்வொண்ணா இழுத்து பாத்துடுங்க.

உங்க வீட்ல சின்னப் பசங்க இருந்தா பூட்டு இன்னும் அவசியம். கீழேர்ந்து டிராயரை படிக்கட்டா திறந்து ஏறுவாங்க, நாலு டிராயர் ஒண்ணா முன்னாடி வந்தா பெட்டி குப்புற கவுந்துடும். பெரியவங்களுக்கும் அதே கதி, வெயிட்டான ரெண்டு டிராயரை ஒரே நேரத்துல திறந்து வைக்காதீங்க, கனமானதை எப்பவும் அடில வைங்க. மேல் செஸ்ட்டை கீழ் கேபினெட்டோட போல்ட் போடாம சும்மா தூக்கி வச்சிருக்கவங்க இன்னிக்கே போடுங்க.

ஜூன் 21

தம்பிக்கு இன்னொண்ணு மாட்டியிருக்கு. ஏழு டிராயர், பாக்க கண்றாவி, உடம்பு பூரா ஆயில் கம்பெனி ஸ்டிக்கர், ஆனா டிராயர் வெண்ணெய்ல கத்தி போற மாதிரி போகுதாம். டூல்ஸோட சேத்துத்தான் தருவேங்கறாராம். "சேத்து வாங்கலாமா"ங்கறான்.

டூல்ஸை எண்ணி விலை போடாத, உனக்கு உபயோகமாற டூல்ஸை மட்டும் எண்ணு. பழைய செட்ல பாதி இஞ்ச் சைஸா இருக்கும். முக்கால் இஞ்ச் 19.05 மில்லிமீட்டர், 19க்கு கண்ண மூடிட்டு போடலாம். அரை இஞ்ச் 12.7, அது 13 நட்டுல ஏறவே ஏறாது. 13 ஸ்பேனரை அரை இஞ்ச் நட்டுல போட்டா மூலையை வழிச்சு விட்டுடும். பதினாறுல ஒம்போது இஞ்ச் 14.29, 14க்கும் சேராது 15க்கும் சேராது. ராட்செட்டை காதுகிட்ட வச்சு சுத்தி பாரு, பல்லு தாண்டுதான்னு தெரியும். டார்க் ரென்ச் இருந்தா காசு கணக்குல சேக்காத, கீழ போட்டதா என்னன்னு யாருக்கு தெரியும், சரிபாத்துட்டுத்தான் நம்பணும்.

டூல்ஸ் மேல வேற ஒரு ஆள் பேர் எலக்ட்ரிக் பேனால எழுதியிருந்தா யாரோடதுன்னு நேரா கேளு. ரிட்டயர் ஆன அண்ணன், மூடின ஷெட், ஏதாவது கதை சொல்வார், அந்தக் கதையும் பெட்டியும் பொருந்தணும். திருட்டு சாமானா, கடன் பாக்கி இருக்கற சாமானான்னு சந்தேகம் வந்தா எத்தனை சல்லிசா இருந்தாலும் வேணாம். நம்ம கிட்டேர்ந்து ஒரு நாள் தூக்கிட்டு போயிடுவாங்க.

எந்த பெட்டி வாங்கினாலும் 10 மில்லிமீட்டர் சாக்கெட் மட்டும் உள்ள இருக்காது, எல்லார் கிட்டயும் மொதல்ல தொலையறது அதுதான். இருந்தா போலி பெட்டின்னு திருப்பி கொடுத்துடு.

ஜூன் 22

முக்கியமா ஒண்ணு விட்டுப்போச்சு. எடுத்துட்டு வர்ற செலவு. சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம்னு பெட்டி கதைக்குத்தான் சொல்லியிருக்கணும். 56 இஞ்ச் அகல கேபினெட் காலியாவே 150 கிலோவை நெருங்கும், தாண்டவும் செய்யும். வண்டி வாடகை, தூக்க ஆளு, இதெல்லாம் சேத்துத்தான் விலைன்னு எடுத்துக்கணும். பக்கத்துல இருக்கற சுமாரான பெட்டி, தூரத்துல இருக்கற சூப்பர் பெட்டியை விட பல நேரம் மலிவு. வாசல் அகலத்தையும் அளந்துக்கோங்க, கைப்பிடியை சேத்து.

டிராயரை எல்லாம் கழட்டிட்டு தூக்கினா பாதி வேலை மிச்சம். முழுசா இழுத்தா ரெண்டு பக்க சேனல்லயும் ஒரு பிளாஸ்டிக் நாக்கு தெரியும், பெரும்பாலும் ஒண்ணை மேல தள்ளணும் இன்னொண்ணை கீழ அழுத்தணும், ஒரே நேரத்துல, அப்பறம் டிராயர் வெளிய வந்துடும். வரலன்னா அடிச்சு இழுக்காதீங்க, நாக்கு ஒடைஞ்சா அந்த சேனல் போச்சு. ஒவ்வொரு டிராயர் பின்னாடியும் சாக்பீஸ்ல நம்பர் போடுங்க. ஒரே சைஸ் மாதிரி தெரியும், ஆனா வருஷக்கணக்கா ஒரே எடத்துல ஓடி தேஞ்சது, மாத்தி போட்டா இடிக்கும்.

ஜூன் 26

தம்பி ஏழு டிராயரை டூல்ஸ் இல்லாம பேசி முடிச்சு எடுத்துட்டு வந்துட்டான். பத்து கிலோ பையை பாத்ததும் விக்கறவரே "ஆளு விவரமானவன்"னு சிரிச்சாராம். ஸ்டிக்கரை எடுக்கணுமாங்கறான். ஹேர் டிரையர்ல சூடு காட்டி மெதுவா உரிச்சு, மிச்ச பசையை மண்ணெண்ணெய் துணியால துடை. கீழ துரு இருந்து அதை மறைக்கத்தான் ஒட்டினாங்களான்னும் பாத்துக்கலாம்.

ஜூன் 27

மேல் மூடி நிக்க மாட்டேங்குதாம். மூடியை தாங்கி நிறுத்தற குழாய், கேஸ் ஸ்ட்ரட், காத்து போச்சு. அதுக்குள்ள இருக்கறது அழுத்தத்துல அடைச்ச நைட்ரஜன், பிரிக்கவோ ரொப்பவோ பாக்காத, ஆபத்து. குழாய் மேல நியூட்டன் அளவு அச்சடிச்சிருக்கும், அதே நியூட்டன், திறந்த நீளம், மூடின நீளம் மூணையும் குறிச்சுட்டு போய் புதுசு வாங்கு. ஒண்ணு மட்டும் மாத்தாத, ரெண்டு பக்கமும் மாத்து, இல்லன்னா மூடி கோணும்.